பழைய பெட்டியும் பத்தாயிரம் ரூபாயும்

எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில், பழஞ்சேலைத் துண்டு ஒன்றால் போர்த்தப்பட்டு, ஒரு கணிப்பொறி பல ஆண்டுகளாக உறங்கிக் கொண்டிருந்தது. 2012ஆம் ஆண்டில் என் மகள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, என் துணைவியாரின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து 24,000 ரூபாய்க்கு வாங்கியது அது. மகள் பயின்றது சுயநிதிப் பள்ளியாதலால், 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அவளுக்குக் கிட்டவில்லை. அவள் படித்தாள், பணியில் சேர்ந்தாள், மணமாகிக் கோவைக்குச் சென்றாள். சங்கிலி மீண்டு வந்தது. கணிப்பொறி மட்டும் மூலையிலேயே தங்கிவிட்டது.

அந்த மூலைக்கு எதிரில் என் தந்தையாரின் கட்டில். முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரி ஓட்டியவர் அவர். விருதுநகரிலிருந்து மிளகாய் வற்றலும் பருத்தி மூட்டையும் ஏற்றிக்கொண்டு வடநாடு வரை சென்று திரும்பியவர். 2021இல் பக்கவாதம் அவருடைய இடது கையையும் காலையும் முடக்கிப் போட்டது. பேச்சும் குறைந்தது. ஊரெல்லாம் சுற்றிய மனிதர் கூரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடந்தார்.

என் மகன் அவளுக்குப் பல ஆண்டுகள் இளையவன். அக்காளின் மிதிவண்டி, அக்காளின் அகராதி, அக்காளின் மேசை விளக்கு என்று, பிறர் கை பட்ட பொருள்களோடே வளர்ந்தவன். அவன் காலத்தில் மடிக்கணினித் திட்டமும் நின்று போயிருந்தது. 2025ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் அருப்புக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு மாதம் வேலை பார்த்தான். மாத இறுதியில் சம்பளத்தைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பான். நான் அதைப் பீரோவில் வைப்பேன். ஆறாயிரம் ரூபாய் சேர்ந்த அன்று, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்பா, அந்தக் கணிப்பொறியைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிடட்டுமா?"

"எதற்கு?"

"கேம் விளையாட."

வாசக அன்பர்களே, உங்களுள் பலர் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக்கூடியதைத்தான் நானும் சொன்னேன். எங்கள் குமாரலிங்கபுரம் வானம் பார்த்த பூமி. கரிசல் ஈரங்கண்டால் பருத்தியும் சோளமும் உண்டு. இல்லையேல் சீமைக் கருவேலமும் கரிமூட்டமுந்தான். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதிக் காலந்தள்ளியவன் நான். விளையாட்டுக்குப் பணம் செலவழிக்கும் வழக்கம் எங்கள் குடியில் எவருக்கும் இருந்ததில்லை. "உழைத்த காசை விளையாட்டில் கரைக்கப் போகிறாயா?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இரவு, கணக்கன் புத்தி சும்மா இருக்கவிடாமல், அதைத் திறந்து பார்த்தேன். மூன்று பக்கங்கள். பொருள், அதன் இன்றைய நிலை, மாற்ற வேண்டியது, விலை என்று நான்கு பத்திகள் இட்டு எழுதியிருந்தான். விளையாட்டுக்கென்றே புதிதாகக் கணிப்பொறி வாங்கினால் ஐம்பது அறுபதாயிரம் ஆகும் என்பதை முதற்பக்கத்தில் எழுதி, அதைக் கோடிட்டு அடித்திருந்தான். கடைசிப் பக்கத்தில், 'மொத்தம் 10,000க்குள்' என்று இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான். நாற்பது ஆண்டுகளாகப் பேரேடு எழுதிய எனக்கு அந்தப் பக்கங்களில் குறை காண முடியவில்லை. அதுவே எனக்கு முதல் அதிர்ச்சி.

மறுநாள் பெட்டியைத் திறந்தோம். உள்ளே எங்கள் ஊர்க் கரிசல் மண் ஒரு விரற்கடை படிந்திருந்தது. செயலியின்மேல் சுழலும் விசிறியின் இதழ்கள் புழுதியில் தடித்துப் போயிருந்தன. செயலிக்கும் அதன் வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் தகட்டுக்கும் நடுவே தடவப்படும் தெர்மல் பேஸ்ட் எனும் பசை, காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. வெப்பம் வெளியேற வழியில்லாதபோது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று மகன் விளக்கினான். தூரிகையால் துடைத்து, 150 ரூபாய்ப் பசையைப் புதிதாய்த் தடவியதுமே பெட்டியின் இரைச்சல் பாதியாக அடங்கிற்று. ஒரு பழைய பொருள் கெட்டுவிட்டது என்று தீர்ப்பளிக்குமுன் அதைத் துடைத்துப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றேன்.

"அடுத்து என்ன? இருப்பதிலேயே பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டால் ஆயிற்றா?" என்று கேட்டேன்.

"இல்லைப்பா. நம்ம கண்மாய் மாதிரிதான்" என்றான் அவன்.

கண்மாய் நிறைந்திருக்கலாம், மடையும் அகலமாக இருக்கலாம். ஆயினும் வாய்க்காலின் நடுவே ஓரிடத்தில் மண் சரிந்து கிடந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாது. அப்போது மடையை மேலும் அகலப்படுத்துவது வீண்வேலை. கரையோரமாக நடந்து அடைப்பு எங்கே என்று காண வேண்டும். கணிப்பொறியும் அவ்வாறே. அதன் வேகம் அதிலுள்ள மிகச் சிறந்த பாகத்தால் அமைவதன்று. மிக மெதுவான பாகத்தால் அமைவது.

எங்கள் பெட்டியில் அடைப்புகள் நான்கு. முதலாவது, சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க். கணிப்பொறி விழித்தெழவே நான்கு நிமிடங்கள் ஆயின. அதற்கு ஈடாக, அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்று, 256 ஜி.பி. அளவில், 1,500 ரூபாய். எங்கள் தாய்ப்பலகையின் பழைய இணைப்பு, அதன் முழு வேகத்திற்கு இடந்தராது. ஆயினும் வேறுபாடு இரவும் பகலும் போன்றதாக இருந்தது. இரண்டாவது, 2 ஜி.பி. மட்டுமே இருந்த ரேம். டி.டி.ஆர்.3 எனும் பழைய வகையைச் சேர்ந்த 4 ஜி.பி. துண்டுகள் இரண்டு, 1,000 ரூபாய். ஒரே 8 ஜி.பி. துண்டைவிட இரண்டு 4 ஜி.பி. துண்டுகளை இரு பொருத்துகளிலும் இடுவது நல்லது. இரட்டை வாய்க்கால் போல இரு வழியாகவும் செய்தி பாயும்.

மூன்றாவது, செயலி. எங்களுடையது இன்டெல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட கோர் ஐ3-2120. அதற்குள் இரண்டு கருக்கள்தாம். அதே பொருத்தில் அமரக்கூடிய, நான்கு கருக்களுடைய கோர் ஐ5-2400 பழைய சந்தையில் 900 ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கடுத்த தலைமுறைச் செயலியும் அந்தப் பொருத்தில் அமரும். ஆனால் எங்களுடையதைப் போன்ற தாய்ப்பலகையில் அதை இடுமுன் பயோஸ் எனும் அடிப்படை நிரலைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகக்கூடும். 2012ஆம் ஆண்டின் மின்வெட்டை அனுபவித்த எவரும் எங்கள் பக்கத்தில் அந்தத் துணிச்சலுக்கு இறங்கமாட்டார்கள். "கொஞ்சம் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, ஆபத்து இல்லாதது போதும்" என்று அவனே முடிவு செய்திருந்தான். பதினெட்டு வயதில் எனக்கு அந்த நிதானம் இருந்ததில்லை.

நான்காவது, படங்களை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு. அவன் தேர்ந்தது என்விடியா நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. அதற்கு 75 வாட் மின்சாரம் போதும். தனிக் கம்பி வேண்டாது தாய்ப்பலகையின் பொருத்து வழியாகவே அதைப் பெற்றுக்கொள்ளும் வகை உண்டு. எங்களிடமிருந்த சிறிய மானிட்டரும் இங்கே உதவிற்று. அதன் திரையில் புள்ளிகள் 1366க்கு 768. அதாவது ஏறத்தாழப் பத்தரை லட்சம். இன்று பரவலாக விற்கும் 1920க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கும் மேல். வரைய வேண்டிய புள்ளி பாதியானால் கார்டின் உழைப்பும் பெருமளவு குறைகிறது. பழையது என்று நான் இகழ்ந்த மானிட்டரை அவன் சிக்கனத்தின் துணையாகக் கண்டிருந்தான்.

பழைய பாகங்கள் ஏன் இவ்வளவு மலிவு என்பதும் அறியத்தக்கதே. அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணிப்பொறிகளைக் கூட்டங்கூட்டமாகக் கழிக்கின்றன. அவற்றின் செயலியும் ரேமும் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கைமாறுகின்றன. கிராபிக்ஸ் கார்டுகளுக்கு மற்றொரு காரணமும் உண்டு. மறையீட்டு நாணயங்களை ஈட்டுவதற்காகப் பலரும் அவற்றை வாங்கிக் குவித்த காலமொன்று இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் எனும் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் தேவையை ஒழித்தது. உலகெங்கும் கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து விழுந்தன.

மலிவுள்ள இடத்தில் வஞ்சகமும் உண்டு. மதுரையில் ஒரு கடையில் நாங்கள் தேடிய கார்டு 2,600 ரூபாய்க்கே கிடைக்குமென்றார்கள். அட்டைப்பெட்டி பளபளத்தது. என் கை சட்டைப் பைக்குள் போய்விட்டது. மகன் என் கையை மெல்லப் பிடித்து, "அண்ணே, ஒரு தடவை மாட்டிக் காட்டுங்க" என்றான். கடைக்காரர் முகஞ்சுளித்தார். "வாங்கிறவன் நம்பி வாங்கணும் தம்பி" என்றார். அவன் விடவில்லை. தான் கொண்டு சென்றிருந்த சிறு மென்பொருளை ஓடவிட்டான். கார்டின் உண்மைப் பெயரைக் கண்டு சொல்லும் ஜிபியு-இசட் என்பது அது. போலிக் கார்டுகளைச் சுட்டும் வசதி 2018இல் அதில் சேர்க்கப்பட்டது. திரையில் எச்சரிக்கை தோன்றிற்று. பல ஆண்டுகள் மூத்த, வலுக்குறைந்த சில்லு ஒன்றின்மேல் புதுப்பெயரைப் பொறித்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து உள்ளே வைத்தார். நாங்களும் ஒன்றும் பேசாமல் வெளியே வந்தோம்.

வேறொரு கடையில், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபின், 4,200 ரூபாய் கொடுத்து மெய்யான கார்டை வாங்கினோம். திரும்பும் பேருந்தில் அவன் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். 'இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று நான் எத்தனை முறை, எத்தனை பேர் முன்னிலையில் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்கு நீண்டது.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். அவன் பட்டியலில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது: மின்சாரத்தைப் பிரித்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, புதிது, 2,200 ரூபாய். அதை நான்தான் அடித்துவிட்டேன். "பழையது ஓடுகிறதே! அதன்மேல் 450 வாட் என்று எழுதியும் இருக்கிறதே!" என்றேன். புரட்டாசி விதைப்புக்கு வைத்திருந்த பணத்திலிருந்து என் பங்காக நாலாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதில் பாதியை மிச்சப்படுத்திய மகிழ்ச்சி எனக்கு. அவன், "அதை மட்டும் விட வேண்டாம்ப்பா" என்று ஒருமுறை சொன்னான். பிறகு மௌனமானான்.

எல்லாவற்றையும் பொருத்தி விளையாட்டைத் தொடங்கிய சில நிமிடங்களில் பெட்டி அணைந்தது. மீண்டும் போட்டோம், மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறை கருகல் வாடை லேசாக வந்தது. மகன் பாய்ந்து சுவிட்சை நிறுத்தினான்.

மலிவான எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளின்மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு பலவேளை அலங்காரமே. செயலியும் கார்டும் உண்பது 12 வோல்ட் மின்சாரம். அந்த வழியில் எத்தனை ஆம்பியர் தர இயலும் என்பதே மெய்யான கணக்கு. எங்கள் செயலி 95 வாட், கார்டு 75 வாட், மற்றவை சேர்ந்தாலும் 250ஐத் தாண்டாது. நேர்மையான 400 வாட் பெட்டி தாராளமாகத் தாங்கியிருக்கும். நேர்மையற்ற 450 தாங்கவில்லை. அது வெடித்திருந்தால் மற்றப் பாகங்கள் அனைத்தையும், அவனுடைய இரண்டு மாத உழைப்பையும் உடன் கொண்டுபோயிருக்கும். அவன் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் நானே அருப்புக்கோட்டைக்குச் சென்று அவன் எழுதிய அதே பெட்டியை வாங்கி வந்தேன். ஆகமொத்தம் 9,950 ரூபாய். பேருந்துக் கட்டணம் தனி.

இயக்க மென்பொருளிலும் ஒரு முடிவு தேவைப்பட்டது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் முடியப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள், அவ்வாறே முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் எட்டாந்தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, எங்களுடையது இரண்டாந்தலைமுறை. ஆகவே கட்டணமில்லாத லினக்ஸை நிறுவினான். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் அதிலும் இயங்குகிறது. விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டுகள் பலவற்றை லினக்ஸில் ஓடச்செய்யும் புரோட்டான் எனும் கருவியை, அத்தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இலேயே அளித்துவிட்டது.

அவன் விரும்பிய விளையாட்டு எது என்று அதுவரை நான் கேட்கவே இல்லை. சுடுவதும் வெட்டுவதுமாக இருக்கும் என்று நானே தீர்மானித்திருந்தேன். திரையில் தோன்றியது ஒரு லாரி. செக் நாட்டு நிறுவனமொன்று, எங்கள் கணிப்பொறி வாங்கப்பட்ட அதே 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2. சரக்கை ஏற்றி, சாலை விதிகளுக்கு உட்பட்டு, நகரம் விட்டு நகரம் கொண்டு சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். என் கைப்பேசியில் இந்தோனேசியப் பேருந்து விளையாட்டில் நம் ஊர்ப் பேருந்தின் வண்ணத்தைப் பூசி அவன் ஓட்டிக்கொண்டிருந்ததைப் பல முறை பிடுங்கி வைத்திருக்கிறேன். அது ஏன் என்றும் கேட்டதில்லை.

ரோட்டர்டாம் நகரிலிருந்து வண்டி புறப்பட்டது. கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"ஏய்யா... எதிர்ப்பக்கம் போறியே!"

என் தந்தையார் வலக்கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். அவர் முழு வாக்கியம் பேசிப் பல நாட்களாகியிருந்தன. ஐரோப்பாவில் வலப்பக்கந்தான் ஓட்ட வேண்டும் என்று பேரன் எத்தனை விளக்கியும் அவர் ஒப்பவில்லை. "இடது, இடது" என்று பதறினார். அவன் சிறிது யோசித்தான். பிறகு வண்டியை இங்கிலாந்துக்கு மாற்றிக்கொண்டான். அங்கே நம்மைப் போல இடப்பக்கந்தான் போக்குவரத்து. தந்தையார் தலையணையில் சாய்ந்து மூச்சுவிட்டார்.

அன்று முதல் மாலை ஏழு மணிக்குக் கட்டிலை மேசையருகே இழுத்துப் போடுவது வழக்கமாயிற்று. "வளைவுல பிரேக்கை மிதிக்காதே. முன்னாலேயே வேகத்தைக் குறை." "பாரம் இருக்கு, இறக்கத்துல கியரை மாத்து." ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்துத்தான் வரும். எனினும் வரும். நாங்கள் மருந்து என்று நினைத்து அதைச் செய்யவில்லை; அவருடைய கை கால் மீளவும் இல்லை. அவர் அறிந்த ஒன்றைக் கேட்க ஒருவன் கிடைத்தான், அவ்வளவே. தாத்தாவுக்காகத்தான் கேட்டாயா என்று மகனிடம் வினவினேன். "இல்லைப்பா, எனக்காகத்தான்" என்றான். அந்த நேர்மையும் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தப் பழம்பெட்டி எல்லாவற்றையும் ஓட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். அண்மையில் வந்த பெரிய விளையாட்டுகள் பலவும் இதில் ஓடா. எங்கள் கார்டின் வகைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மேம்பாடு 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும். செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆதலால் என் விலைப்பட்டியலை இன்று அப்படியே நம்பவும் கூடாது. ஆனால் அதன் வரிசை மாறாது: துடை, அடைப்பைக் கண்டுபிடி, மின்பெட்டியில் மிச்சம் பிடிக்காதே, பணம் கொடுக்குமுன் ஓட்டிப் பார்.

கழித்த பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைக் குப்பையில் எறியவில்லை. மின்னணுக் கழிவை முறையாக ஒப்படைக்க வேண்டும் என்கிற 2022ஆம் ஆண்டின் விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அடுத்த முறை மதுரை செல்லும்போது உரிய இடத்தில் சேர்க்கக் கட்டி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் சிக்கனம் நினைவுக்கு வருகிறது.

வீட்டுச் செலவை இன்றும் பேரேட்டில் எழுதுபவன் நான். அந்த 9,950 ரூபாயை, மதுரை சென்று வந்த நாளில், 'வீண் செலவு' என்ற தலைப்பின்கீழ் எழுதத் தொடங்கியிருந்தேன். சென்ற மாதம் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது அந்த வரி கண்ணில் பட்டது. கண்மாய்க்கரை நெடுக நடந்து அடைப்புத் தேடத் தெரிந்த நான், என் வீட்டுக்குள் ஒருமுறையும் அப்படி நடந்து பார்த்ததில்லை. தலைப்பை அடித்துவிட்டு, 'பராமரிப்பு' என்று எழுதினேன்.

கூடத்தில் லாரி ஓடிக்கொண்டிருந்தது. "இடது, இடது" என்றார் தந்தையார். நான் பேரேட்டை மூடிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களருகே அமர்ந்தேன்.